பிட்காயின் கோர் வாலட்டை மூலநிரலிலிருந்து தொகுக்கும்போது பாதியில் நின்றுவிடுகிறது. கையில் 2014ஆம் ஆண்டின் பழைய வாலட் கோப்பும் இருக்கிறது

கேள்வி: பழைய_பென்டிரைவ்

அனைவருக்கும் வணக்கம். என் அண்ணன் 2014இல் வெளிநாட்டில் வேலை பார்த்தபோது பிட்காயின் கோர் என்ற பிட்காயின் நிரலில் உருவாக்கிய ஒரு வாலட் கோப்பு (காயின்களைச் செலவழிக்கும் ரகசியச் சாவிகள் இருக்கும் கோப்பு) எங்கள் வீட்டில் ஒரு பென்டிரைவில் கிடக்கிறது. கடவுச்சொல் அவருடைய பழைய டைரியில் இருக்கிறது. உள்ளே இருப்பது பெரிய தொகை இல்லை என்றுதான் அவர் சொல்கிறார். இருந்தாலும், யாரோ தொகுத்துக் (கம்பைல் செய்து) கொடுத்த நிரலில் அந்தக் கோப்பைத் திறக்க மனம் ஒப்பவில்லை. மூலநிரலை நானே இறக்கித் தொகுத்து, அதில் திறந்துபார்க்கலாம் என்று மூன்று நாட்களாக முயன்றுவருகிறேன்.

கணினி பழையது: நான்கு கோர் பிராசசர், 4 ஜிபி ரேம், 500 ஜிபி சாதாரண ஹார்டு டிஸ்க், உபுண்டு 24.04. ஒரு காணொளியைப் பார்த்து, கிட் மூலம் மூலநிரல் களஞ்சியத்தை இறக்கி, 30.0 என்ற டேகுக்கு (பதிப்பைக் குறிக்கும் அடையாளத்துக்கு) மாறினேன். முதலில் சிமேக் என்ற தொகுப்புக் கருவியின் அமைப்பு நிலையிலேயே 'கேப்-என் புரோட்டோ' என்ற நூலகம் இல்லை என்று நின்றது. அதை நிறுவிய பிறகு அமைப்பு முடிந்தது. அதன்பின் காணொளியில் சொன்னபடியே எட்டு வேலைகள் ஒரே நேரத்தில் ஓடும்படி தொகுக்கத் தொடங்கினேன். அறுபது விழுக்காடு தாண்டியதும் கணினி உறைந்துபோய், சிறிது நேரத்தில் 'சி பிளஸ் பிளஸ் கம்பைலர் கொல்லப்பட்டது' என்ற பிழையோடு நின்றுவிடுகிறது. மூன்று முறை முயன்றும் ஏறக்குறைய அதே இடம்தான்.

தொகுப்பதற்கு முன் டேகின் கையொப்பத்தையும் சரிபார்த்தேன். 'கையொப்பம் சரியானது' என்று ஒரு வரியும், அதற்குக் கீழே 'இந்தச் சாவி நம்பகமான கையொப்பத்தால் சான்றளிக்கப்படவில்லை' என்று எச்சரிக்கையும் வந்தன. இவற்றில் எதை நம்புவது?

நண்பரின் கணினியில் இதே மூலநிரலைத் தொகுத்தபோது வேலை முழுமையாக முடிந்தது. ஆனால் அங்கே கட்டளைவரி நிரல்கள் மட்டும் உருவாகியிருந்தன, ஜன்னலோடு திறக்கும் நிரலைக் காணவில்லை. உருவான கோப்பின் ஹாஷும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) அதிகாரப்பூர்வமாக வெளியிட்ட ஹாஷோடு ஒத்துவரவில்லை. மூலநிரலில் யாராவது கைவைத்திருப்பார்களோ என்று பயமாக இருக்கிறது. தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்: முனையம்

கம்பைலரைக் கொன்றது உங்கள் லினக்ஸ் கர்னல்தான். ரேமும், ரேம் போதாதபோது டிஸ்க்கில் பயன்படும் ஸ்வாப் இடமும் தீர்ந்ததும் அதிக நினைவகம் பிடித்துவைத்திருக்கும் நிரலைக் கர்னல் நிறுத்திவிடும். பிட்காயின் கோரின் மூலநிரல் சி பிளஸ் பிளஸ் மொழியில் வார்ப்புருக்கள் மலிந்தது. தொகுப்புக்குக் குறைந்தது 1.5 ஜிபி நினைவகம் இருப்பது நல்லது என்று அதன் ஆவணமே சொல்கிறது, அதுவும் வேலைகளை வரிசையாக ஓட்டும்போது. 4 ஜிபி ரேமில் டெஸ்க்டாப்பும் பிரவுசரும் திறந்திருக்க, எட்டுக் கம்பைலர்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டால் நிற்காமல் என்ன செய்யும்? காணொளி செய்தவரிடம் 32 ஜிபி இருந்திருக்கலாம்.

4 ஜிபி அளவில் ஒரு ஸ்வாப் கோப்பை உருவாக்குங்கள். பிரவுசரை மூடிவிட்டு, வேலைகளின் எண்ணிக்கையை இரண்டாகக் குறைத்து அதே கட்டளையை மறுபடி கொடுங்கள். ஏற்கெனவே தொகுத்து முடிந்த கோப்புகளைச் சிமேக் மறுபடி தொடாது, ஆகையால் அறுபது விழுக்காட்டிலிருந்தே தொடரும். இரண்டிலும் நின்றால் ஒன்றாக்கிவிட்டு இரவில் ஓடவிடுங்கள்.

கேப்-என் புரோட்டோ விஷயம் 30ஆம் பதிப்பில் பலரையும் தடுக்கியது. பல நிரல்களாகப் பிரிந்து இயங்கும் வசதிக்காக அது லினக்ஸில் இயல்பாகவே கேட்கப்படுகிறது. உங்களுக்கு அந்த வசதி தேவையில்லை என்றால், அமைப்பு நிலையில் அதற்கான ஐபிசி விருப்பத்தை அணைத்திருந்தாலே போதும். நிறுவிவிட்டீர்கள், அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை.

ஜன்னல் நிரல் வராததற்குக் காரணம் எளியது. ஜியுஐ (ஜன்னல் முகப்பு) விருப்பம் இயல்பாக அணைந்தே இருக்கும், அமைப்பு நிலையில் நாம்தான் அதை இயக்க வேண்டும். 30ஆம் பதிப்பு முதல் அதற்கு க்யூட்டி 6 என்ற முகப்பு நூலகம் வேண்டும். பழைய வழிகாட்டிகளில் இருக்கும் க்யூட்டி 5 பொதிகளை நிறுவினால் பயன் இல்லை. வாலட்டுக்கு எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள நூலகத்தின் மேம்பாட்டுப் பொதியும் இருக்கிறதா என்று பாருங்கள். 29ஆம் பதிப்பிலிருந்து ஆட்டோடூல்ஸ் என்ற பழைய தொகுப்புக் கருவி போய்ச் சிமேக் வந்துவிட்டதால், 'கான்ஃபிகர்' என்று தொடங்கும் எந்த வழிகாட்டியையும் மூடிவைத்துவிடலாம்.

ஒரு வேண்டுகோள். நேரம் மிச்சமாகும் என்று சோதனைகளின் தொகுப்பை அணைத்துவிடாதீர்கள். பழைய கணினிகளில் ரேம் சில இடங்களில் கெட்டிருப்பது உண்டு. தொகுப்பு முடிந்ததும் சோதனைகளை ஒருமுறை முழுமையாக ஓட்டிப் பார்ப்பது, சாவிகளைத் தொடும் நிரலுக்கு நாம் செய்யும் குறைந்தபட்ச மரியாதை.

பதில்: கையெழுத்துப்_பைத்தியம்

ஹாஷ் ஒத்துவராததைக் கண்டு பயப்பட வேண்டாம். ஒத்துவந்திருந்தால்தான் நான் வியந்திருப்பேன். உங்கள் கம்பைலரின் பதிப்பு, நூலகங்களின் பதிப்பு, கோப்புறையின் பாதை என எது மாறினாலும் வெளிவரும் கோப்பின் பைட்டுகள் மாறும். அதிகாரப்பூர்வக் கோப்புகளை கீக்ஸ் என்ற அமைப்புக்குள் தொகுக்கிறார்கள். அதில் கம்பைலர் உட்பட எல்லாமே குறிப்பிட்ட பதிப்புக்குப் பூட்டப்பட்டிருப்பதால், உலகின் எந்த மூலையில் தொகுத்தாலும் ஒரே ஹாஷ் வரும். 2021இல் வந்த 22.0 பதிப்பு முதல் இந்த முறைதான், அதற்கு முன் கிட்டியன் என்ற வேறொரு அமைப்பு இருந்தது. பலர் தனித்தனியே தொகுத்து, கிடைத்த ஹாஷ்களில் கையொப்பமிட்டு ஒரு பொதுக் களஞ்சியத்தில் சேர்க்கிறார்கள்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. யாரோ தொகுத்ததை நம்ப மனமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நியாயமான எண்ணம்தான். ஆனால் நீங்கள் தொகுக்கும்போது உபுண்டு கொடுத்த கம்பைலரை நம்புகிறீர்கள், உபுண்டு கொடுத்த க்யூட்டியை நம்புகிறீர்கள். கம்பைலருக்குள்ளேயே களவை (ரகசியப் பின்கதவை) ஒளித்துவைத்தால், மூலநிரலை எத்தனை முறை படித்தாலும் தெரியாது என்று யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன் 1984இல் வெளியான தம் டூரிங் விருது உரையிலேயே காட்டிவிட்டார். கீக்ஸ் திட்டத்தினர் அதற்கு விடையாக, வெறும் 357 பைட் அளவுள்ள ஒரு விதை நிரலில் தொடங்கிக் கம்பைலர் வரை மூலநிரலிலிருந்தே கட்டியெழுப்பும் வழியை 2023இல் அறிவித்தார்கள். உங்கள் 4 ஜிபி கணினியில் அதை முயல வேண்டாம், வாழ்நாள் போதாது. என் கருத்து இவ்வளவுதான்: வீட்டில் தொகுப்பது நல்ல பழக்கம், ஆனால் பாதுகாப்பின் பெரும்பகுதி தொகுப்பதில் இல்லை, அதற்கு முன் நடக்கும் சரிபார்ப்பில் இருக்கிறது.

இப்போது எச்சரிக்கைக்கு வருகிறேன். இரண்டு வரிகளும் உண்மையே. இந்த டேக் இந்தச் சாவியால்தான் கையொப்பமிடப்பட்டது, இடையில் மாறவில்லை என்பது முதல் வரியின் பொருள். அந்தச் சாவி யாருடையது என்று நீங்கள் இன்னும் உங்கள் கணினிக்குச் சொல்லவில்லை என்பது இரண்டாவதன் பொருள். சாவி வழங்கியில் யாருடைய பெயரிலும் யார் வேண்டுமானாலும் ஒரு சாவியை ஏற்றிவிடலாம். எனவே அங்கே தெரியும் பெயரைப் பார்த்து நம்பினால், விசிட்டிங் கார்டைப் பார்த்து ஆளை நம்பியது போலாகும். சாவியின் விரல்ரேகை 40 எழுத்துகள். கீக்ஸ் கையொப்பக் களஞ்சியத்தில் தொகுப்பாளர்களின் சாவிகள் உள்ளன. அங்கிருப்பதையும், அந்த மேம்பாட்டாளர் தம் சொந்தத் தளத்தில் போட்டிருப்பதையும், முடிந்தால் வேறொரு இணைய இணைப்பிலிருந்து எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நாற்பதையும் ஒப்பிடுங்கள். கடைசி எட்டு எழுத்துகள் மட்டும் ஒத்தால் போதாது, அந்த எட்டும் ஒத்துவரும்படி போலிச் சாவி செய்ய முடியும்.

கிட் டேகை எடுத்ததும் நல்லதே. 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற மென்பொருள் பொறியாளர் வெளிப்படுத்திய, எக்ஸ்-இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளில் ஒளித்துவைத்த களவு பலருக்கு நினைவிருக்கும். 5.6.0, 5.6.1 பதிப்புகளில் களவைக் கிளப்பிவிடும் வரிகள் கிட் களஞ்சியத்தில் இல்லை, வெளியீட்டுக்காகக் கட்டிவைத்த பொதிக்குள் மட்டுமே இருந்தன. தொலைநுழைவு அரை நொடி தாமதமாகிறதே என்று அவர் ஐயப்பட்டிராவிட்டால் அது எத்தனை சர்வர்களுக்குள் போயிருக்குமோ. மூலநிரல் திறந்திருக்கிறது என்பதும், நம் கையில் உள்ள பொதி அதே மூலநிரல்தான் என்பதும் வேறு வேறு.

கேள்வி கேட்டவர்: பழைய_பென்டிரைவ்

இருவருக்கும் நன்றி. வேலைகளை இரண்டாகக் குறைத்து, ஸ்வாப்பும் சேர்த்தேன். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடி நேற்று இரவு தொகுப்பு முழுமையாக முடிந்தது. ஜன்னல் நிரலும் வந்துவிட்டது. சோதனைகள் அனைத்தும் தேறின. விரல்ரேகையை மூன்று இடங்களில் ஒப்பிட்டேன், நாற்பதும் ஒத்துப்போகின்றன.

இன்று மாலை அண்ணனின் வாலட் கோப்பை வாலட்டுகளின் கோப்புறையில் அப்படியே போட்டு, மைக்ரேட் செய்யலாம் (புதிய வடிவத்துக்கு மாற்றலாம்) என்று இருக்கிறேன். டிஸ்க் 500 ஜிபிதான் என்பதால் ப்ரூன் அளவை (பழைய பிளாக்குகளை அழித்துவிட்டு டிஸ்க்கில் வைத்துக்கொள்ளும் அளவை) மிகக் குறைவான 550 எம்பி என்று வைத்திருக்கிறேன், நோடும் (பிட்காயின் வலையமைப்பிலிருந்து பிளாக்குகளை இறக்கிச் சரிபார்க்கும் நிரல்) ஒருபுறம் ஓடிக்கொண்டிருக்கிறது. வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா? இன்னொரு ஐயம்: மைக்ரேட் செய்தால், வாலட்டை மீட்க உதவும் பன்னிரண்டு சொற்கள் கிடைக்குமா?

பதில்: நெல்லை_நோடு

தம்பி, தயவுசெய்து அந்தப் பென்டிரைவை இன்று கணினியில் செருக வேண்டாம். முதலில் இதைப் படித்துவிடுங்கள்.

நீங்கள் தொகுத்திருப்பது 30.0. அந்தப் பதிப்பிலும் 30.1இலும் வாலட் மைக்ரேஷனில் ஒரு கடுமையான பிழை இருப்பதாக 2026 ஜனவரியில் பிட்காயின் கோர் திட்டமே அறிவித்தது. பெயரிடாத பழைய வாலட் கோப்பு, அதாவது தனிக் கோப்புறை இல்லாமல் நேராக வைக்கப்பட்ட கோப்பு, மைக்ரேட் ஆகும்போது தோல்வியடைந்தால், அரிதான சூழலில் அந்த வாலட் கோப்புறையில் இருக்கும் கோப்புகள் எல்லாமே அழிந்துவிடக்கூடும். அந்தத் தோல்வியைத் தூண்டக்கூடிய காரணங்களில் ஒன்று ப்ரூன். நீங்கள் மாலையில் செய்யவிருந்ததை மறுபடி வாசியுங்கள்: பெயரிடாத கோப்பு, ப்ரூன் செய்த நோடு, 30.0 பதிப்பு. மூன்றும் சேர்ந்திருக்கின்றன. இது 30.2இல் திருத்தப்பட்டது.

இதில் எனக்குக் கொஞ்சம் வருத்தமும் உண்டு. அதிகாரப்பூர்வ கோப்பை இறக்குபவர் பதிவிறக்கப் பக்கத்துக்குப் போனால் அங்கே புதிய பதிப்பு கண்ணில் படும். மூலநிரலிலிருந்து தொகுப்பவர் காணொளியில் சொன்ன டேகை அப்படியே தட்டச்சு செய்துவிடுகிறார். கையொப்பம் சரியாக இருந்தால் நிரல் அசல் என்று பொருள், பிழையற்றது என்று பொருள் இல்லை. தொகுப்பதற்கு முன் வெளியீட்டுக் குறிப்புகளைப் படிப்பதும் சரிபார்ப்பின் ஒரு பகுதிதான்.

ஆகவே புதிய டேகுகளை இறக்கி, 30.2 அல்லது அதற்குப் பிந்தைய வெளியீட்டுக்கு மாறி, அதன் கையொப்பத்தையும் சரிபார்த்து, பழைய பில்டு கோப்புறையை நீக்கிவிட்டு மறுபடி தொகுங்கள். இன்னொரு மூன்று மணி நேரம்தானே.

அடுத்தது ப்ரூன். 550 என்று வைத்ததால் உங்கள் நோடு பழைய பிளாக்குகளைச் சரிபார்த்துவிட்டு அழித்துக்கொண்டே போகிறது. 2014இன் பிளாக்குகளைக் கடந்துவிட்டிருந்தால், அதன் பிறகு அண்ணனின் வாலட்டைச் சேர்த்தாலும் அந்தப் பரிவர்த்தனைகளைத் தேடிப் பார்க்க டிஸ்க்கில் பிளாக்குகளே இருக்காது. 'வாலட்டின் கடைசி ஒத்திசைவு ப்ரூன் செய்த தரவுக்கும் முந்தையது' என்று பிழை வரும், பிளாக்குகளின் சங்கிலி முழுவதையும் மறுபடி இறக்கச் சொல்லும். முழுச் சங்கிலி 600 ஜிபியைத் தாண்டிவிட்டதால், ப்ரூன் இல்லாமல் உங்கள் டிஸ்க்கில் அடங்காது. இதற்கு ஒரு வழி இருக்கிறது: வாலட்டை முதலில் சேருங்கள், சங்கிலியைப் பிறகு இறக்குங்கள். வாலட் ஏற்றப்பட்டிருக்கும் நிலையில் ஒத்திசைவு முதல் பிளாக்கிலிருந்து நடந்தால், ஒவ்வொரு பிளாக்கும் வரும்போதே வாலட் அதைப் பார்த்துவிடும், அதன் பிறகு அது அழிந்தாலும் கவலை இல்லை.

நான் செய்வதாக இருந்தால் இப்படிச் செய்வேன். பென்டிரைவில் இருக்கும் கோப்பைத் தொடாமல், அதன் இரண்டு நகல்களை வெவ்வேறு ஊடகங்களில் எடுத்து, மூன்றின் ஹாஷும் ஒன்றுதானா என்று பார்ப்பேன். அசல் பென்டிரைவை அலமாரியில் வைத்துவிடுவேன், இனி அதற்கு வேலை இல்லை. ஓடும் நோடை நிறுத்தி, புதிதாக ஒரு காலித் தரவுக் கோப்புறையை உருவாக்கி, அதற்குள் வாலட்டுகளின் இடத்தில் 'அண்ணன்' என்பதுபோல் ஒரு பெயரில் தனிக் கோப்புறை வைத்து, நகலை அதற்குள் போடுவேன். பெயருள்ள வாலட் ஆகிவிடும். நெட் கம்பியைக் கழற்றிவிட்டு, சங்கிலி பூச்சியத்தில் இருக்கும்போதே மைக்ரேட் செய்வேன். கடவுச்சொல் கேட்கும். முடிந்ததும் பழைய வடிவத்தின் ஒரு நகலையும் நிரல் தானே எடுத்துவைக்கும், அதையும் பத்திரப்படுத்த வேண்டும். பிறகு கம்பியைச் செருகி ஒத்திசைவைத் தொடங்கலாம். 30ஆம் பதிப்பில் பெர்க்லி டிபி என்ற தரவுத்தள வடிவிலான பழைய வாலட்டை நேராகத் திறக்க முடியாது, மைக்ரேட் செய்துதான் ஆக வேண்டும்.

திறந்தவுடன் இருப்பு பூச்சியம் என்று காட்டினால் அண்ணனுக்குப் போன் போட்டுவிடாதீர்கள். சங்கிலி 2014ஐத் தொடும் வரை அப்படித்தான் இருக்கும்.

அவரிடம் கேட்க வேண்டியது வேறொன்று: பென்டிரைவில் நகல் எடுத்த பிறகும் அந்த வாலட்டை அவர் பயன்படுத்தினாரா? ஒரே விதையிலிருந்து எல்லாச் சாவிகளையும் பிறப்பிக்கும் முறை பிட்காயின் கோரில் 2016இன் 0.13.0 பதிப்பில்தான் வந்தது. அதற்கு முன் ஒவ்வொரு சாவியும் தனித்தனியே தற்செயலாக உருவாக்கப்பட்டது, முன்கூட்டியே நூறு சாவிகள் மட்டும் கையிருப்பில் இருக்கும். ஒவ்வொரு முறை பணம் அனுப்பும்போதும் மீதிச் சில்லறை ஒரு புதிய சாவிக்குப் போகும். நகலுக்குப் பிறகு நூற்றைத் தாண்டிச் சாவிகள் செலவாகியிருந்தால், பிந்தைய சாவிகள் உங்கள் கோப்பில் இருக்காது.

பன்னிரண்டு சொற்கள் கிடைக்காது. பிட்காயின் கோர் அந்த முறையை ஏற்கவே இல்லை, கோப்புதான் காப்பு. வாலட் கோப்பைப் பன்னிரண்டு சொற்களாக மாற்றித் தருகிறோம் என்று எந்தத் தளமாவது சொன்னால், அந்தக் கோப்பைக் கேட்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்.

பதில்: கரண்ட்_கட்

நெல்லை நண்பர் சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. ஒத்திசைவைப் பற்றி மட்டும் ஒன்று சேர்க்கிறேன். சாதாரண ஹார்டு டிஸ்க்கில் இது நாட்கணக்கில் அல்ல, வாரக்கணக்கில் ஓடும். செலவாகாத காயின்களின் பட்டியலை நிரல் இடைவிடாமல் தேடிக்கொண்டே இருக்க, டிஸ்க்கின் முள் அங்குமிங்கும் ஓடி ஓய்ந்துபோகும். 30ஆம் பதிப்பில் தரவுத்தள கேஷ் (ரேமில் வைத்துக்கொள்ளும் பகுதி) இயல்பாக 450 எம்பி. தொகுப்பு முடிந்துவிட்டதால் இப்போது அதை 1500 வரை உயர்த்தலாம், பலன் தெரியும். ஆனால் கேஷ் பெரிதானால், திடீரென்று மின்சாரம் போகும்போது எழுதாமல் நிற்கும் வேலையும் பெரிதாகும். போன ஆடியில் எங்கள் ஊரில் காற்றுக்கு லைன் அறுந்தபோது என் யூபிஎஸ் பேட்டரி ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. தரவுத்தளம் சிதைந்துபோய், ப்ரூன் வேறு இருந்ததால் முதல் பிளாக்கிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. யூபிஎஸ் பேட்டரியைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். ப்ரூன் அளவையும் 550 என்று கஞ்சத்தனமாக வைக்காமல், இருக்கும் இடத்தைப் பார்த்து 300 ஜிபி அளவுக்கு வைத்துக்கொள்ளலாம். உங்கள் இணையத் திட்டத்தின் மாத வரம்பும் முக்கியம், ஏனென்றால் ப்ரூன் செய்தாலும் 600 ஜிபிக்கு மேல் இறங்கத்தான் செய்யும்.

இன்னொன்று: அண்ணனின் கோப்பில் கைவைக்கும் முன் சிக்னெட் என்ற சோதனை வலையமைப்பில் ஒரு காலி வாலட் உருவாக்கி, கடவுச்சொல் வைத்து, காப்பு எடுத்து, அழித்து, மீட்டுப் பாருங்கள். அங்கே காயின்களுக்கு மதிப்பு இல்லை, சங்கிலியும் சிறியது. ஒரு மாலைப்பொழுது போதும்.

கேள்வி கேட்டவர்: பழைய_பென்டிரைவ்

நல்லவேளையாகக் கேட்டேன். நோடை உடனே நிறுத்திவிட்டேன். அது 2019ஆம் ஆண்டின் பிளாக்குகளுக்குப் போய்விட்டிருந்தது, அந்தத் தரவுக் கோப்புறையை அழித்துவிட்டேன். 30.2ஐக் கையொப்பம் சரிபார்த்துத் தொகுத்து, சிக்னெட்டில் இரண்டு மாலைகள் பழகினேன். நேற்று நெட் கம்பியைக் கழற்றிவிட்டு, பெயருள்ள கோப்புறையில் நகலைப் போட்டு மைக்ரேட் செய்தேன். டைரியில் இருந்த கடவுச்சொல் முதலில் ஏற்கவில்லை. அண்ணனிடம் கேட்டபோதுதான் தெரிந்தது, சுழியம் என்று நான் படித்தது ஆங்கில 'ஓ' எழுத்து. இரண்டாவது முறை திறந்துகொண்டது. நகல் எடுத்த பிறகு அந்த வாலட்டை அவர் தொடவே இல்லையாம்.

யூபிஎஸ் பேட்டரியை மாற்றிவிட்டு, ப்ரூன் 300 ஜிபி, கேஷ் 1500 என்று வைத்து ஒத்திசைவைத் தொடங்கியிருக்கிறேன். இப்போது 2012ஆம் ஆண்டில் நிற்கிறது. இருப்பு பூச்சியம்தான் காட்டுகிறது, போன் போடவில்லை.